படகின் மூக்கில் முத்துத்தாய்

முத்துத்தாயின் புருஷன் காளையை ஒரு கதவில் கிடத்திக் கட்டி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு கண்மாயின் மேற்கு விளிம்புக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. காற்றுதான் விடவில்லை. கிழக்கிலிருந்து கொண்டல் ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது. எதிரே மதுரைப் பக்கத்துக் கரை ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. அதற்கும் இவர்களுக்கும் நடுவில் மாடக்குளம் கண்மாய் செம்மண் நிறத்தில் குமுறிக்கொண்டிருந்தது.

மரங்களிலிருந்து சொட்டும் தண்ணீர் புருஷன் முகத்தில் விழாமல் முந்தானையை விரித்துப் பிடித்தபடி வந்த முத்துத்தாய், தண்ணீரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கட்டிக்கொண்டு வந்த ஏழு வருஷமாக அவள் அறிந்த கண்மாய்தான். கோடையில் அதன் நடுவிலேயே புல் அறுத்திருக்கிறாள், ஆடு ஓட்டியிருக்கிறாள். அதற்கு அலை உண்டென்று அவள் நினைத்ததே இல்லை.

நான்கு நாள் மழை. வடக்கே ஒரு வாய்க்கால் உடைந்து நாகமலை புதுக்கோட்டைக்குப் போகும் வண்டிப்பாதை போய்விட்டது. தெற்கே பசுமலைக்குப் போகும் பாதையில் ஆள் உயரத் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. நாற்பது வீடுகள் கொண்ட அவர்கள் ஊர் தனியாகக் கிடந்தது. முந்தின நாள் காலையில் உடைப்பை அடைக்கப் பனைமரத் துண்டுகளைச் சுமந்துபோனபோது, முன்னால் போனவனுடைய கால் சேற்றில் வழுக்கியது. தோளிலிருந்து சரிந்த துண்டு, குனிந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டிருந்த காளையின் நடுமுதுகில் விழுந்தது.

ஊரில் வைத்தியம் தெரிந்தவர் சின்னச்சாமி ஒருவர்தான். போன யுத்தத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டருக்குக் கையாளாக இருந்தவர். காளையை யாரும் புரட்டக்கூடாது என்று முதலிலேயே கத்தித் தடுத்தவர் அவர்தான். கதவைக் கழற்றிவரச் சொல்லி, அதில் நகர்த்தி, நெற்றி, மார்பு, இடுப்பு, முட்டி என்று துணியால் கட்டியதும் அவர்தான். பிறகு காளையின் கால் கட்டைவிரல்களைக் கிள்ளிப் பார்த்தார். இரண்டும் அசைந்தன.

"எலும்பு நொறுங்கியிருக்கு தாயி. ஆனா உள்ள ஓடுற நரம்பு இன்னும் அறல. ஒரு இழையில நிக்கிற மாதிரி நிக்கிது. லொடக்குனு ஒரு குலுக்கு குலுங்குனாப் போதும், இடுப்புக்குக் கீழ இவனுக்கு ஒண்ணும் இல்லாமப் போயிரும்" என்றார்.

"அப்ப தண்ணி வடியுற வரைக்கும் இப்படியே வச்சிருப்போம் மாமா" என்றாள் முத்துத்தாய்.

அன்றைக்கு அப்படித்தான் வைத்திருந்தார்கள். விடிந்து பார்த்தால் வயிறு கல்லாக உப்பியிருந்தது. முந்தின நாளிலிருந்து அவனுக்கு ஒரு சொட்டு சிறுநீர் இறங்கவில்லை. சின்னச்சாமி கால் விரல்களை மறுபடி கிள்ளிப் பார்த்தார்; இரண்டும் அசைந்தன. பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"வச்சிருக்கவும் முடியாது. பொழுது சாயுறதுக்குள்ள பெரியாஸ்பத்திரியில குழாய் விட்டு எடுத்தாகணும்."

அந்த நேரத்தில்தான் மோட்டார் சத்தம் கேட்டது. தண்ணீர் சூழ்ந்த ஊர்களுக்கு அரிசி கொடுக்க வேண்டும் என்று தாலுகா ஆபீசிலிருந்து ஒரு படகைப் பிடித்து அனுப்பியிருந்தார்கள். மதுரையில் ஒரு பஞ்சு வியாபாரி வாத்து சுடப் போவதற்காகச் செய்து வைத்திருந்த படகு அது. பின்னால் ஒரு மோட்டாரை மாட்டி, கயிற்றைச் சுற்றி இழுத்துக் கிளப்ப வேண்டும். அதை ஓட்டத் தெரிந்தவர் ஜலால். ரங்கூனில் பத்து வருஷம் ஆற்றில் லாஞ்சு ஓட்டிவிட்டு, இந்த யுத்தத்தில் அங்கே குண்டு விழுந்தபோது காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். இப்போது முனிச்சாலையில் ஒரு மோட்டார் ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். நடையில் இன்னும் ஒரு களைப்பு இருந்தது.

அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு நின்ற ஜலால், கதவில் கிடந்த காளையைப் பார்த்தார். சின்னச்சாமி சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு படகைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுல இவர ஏத்தப்படாதுங்க" என்றார்.

காளையின் தம்பி முத்திருளன் முன்னால் வந்தான். இருபத்திரண்டு வயது. அண்ணன் விழுந்ததிலிருந்து அவன் யாரிடமும் நேராகப் பேசவில்லை; பேசினால் சண்டைதான். "ஏன் பாய், ஏத்தப்படாது? அரிசி ஏத்துறீக, ஆளு ஏத்த மாட்டீகளா?"

"கோவப்படாதீங்க தம்பி. இந்தப் படகுக்கு அடி சொளகு மாதிரி தட்டையா இருக்கு. அடி கூராயிருந்தா அலையக் கிழிச்சிட்டுப் போகும். இது அலை மேல ஏறும், ஏறிட்டுத் தொப்புனு விழும். வரும்போது காத்து முதுகுக்குப் பின்னால. போறப்ப மூஞ்சிக்கு நேர. நல்லா இருக்கிறவனுக்கே இடுப்பு விட்டுப்போகும்."

முத்துத்தாய் கதவைப் பிடித்திருந்த கையை எடுக்காமல் கேட்டாள்: "வேற வழி இருந்தாச் சொல்லுங்கண்ணே. அதுல போறோம்."

ஜலால் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, ஏத்துங்க" என்றார்.

வைக்கோல் கொண்டுவந்து படகின் அடியில் முழங்கால் உயரத்துக்குப் பரப்பினார்கள். அதன் மேல் கதவை வைத்தார்கள். தலைமாட்டில் முத்துத்தாய், கால்மாட்டில் முத்திருளன். ஜலால் பெட்ரோல் டின்னுக்குள் ஒரு குச்சியை விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று கட்டைவிரலால் அளந்தார். யுத்த காலத்துப் பெட்ரோல். கூப்பனுக்கு உண்டானதுதான் கிடைக்கும்.

"அக்கரை வரைக்கும் காணுமா?" என்று கேட்டாள் முத்துத்தாய்.

"காணும்" என்று சொல்லிவிட்டு, "பிஸ்மில்லா" என்று கயிற்றை இழுத்தார்.

கரையோரம் நின்ற கருவேல மரங்களின் மறைவில் படகு அமைதியாகத்தான் போனது. முத்துத்தாய்க்கு மூச்சு வந்தது. மரங்களைத் தாண்டியதும் முதல் அலை வந்தது. படகின் மூக்கு ஒரு மாடு தலையைத் தூக்குவதுபோல் எழுந்தது; எழுந்த வேகத்தில் கீழே விழுந்தது. பலகைத் தரையில் மூட்டையைப் போட்டது மாதிரி ஒரு சத்தம். அது அடங்குவதற்குள் இன்னொன்று. பிறகு இன்னொன்று.

காளை அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன். மூன்றாவது அடியில் அவன் வாயிலிருந்து வந்த சத்தம் மனுஷ சத்தமாக இல்லை.

"நிறுத்துங்கண்ணே" என்று அலறினாள் முத்துத்தாய்.

ஜலால் ஏற்கெனவே மோட்டாரைக் குறைத்திருந்தார். காற்று படகைப் பின்னுக்குத் தள்ள, தள்ளிய போக்கிலேயே விட்டு, மெதுவாகக் கருவேல மறைவுக்குக் கொண்டுவந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"என் தப்பு" என்றார். "காலையில நாலு மூட்டை அரிசி முன்னால இருந்துச்சு. அந்தப் பாரத்துல மூக்கு அமுங்கிக் கெடந்துச்சு. இப்ப முன்னால ஒண்ணுமில்ல. பாரமெல்லாம் பின்னால. மூக்கு தூக்குனா அறையத்தான் செய்யும். இத நான் கெளம்புறதுக்கு முன்னாலயே யோசிச்சிருக்கணும்."

"யோசிச்சுக்கிட்டே இருங்க. அதுக்குள்ள எங்கண்ணன் செத்துருவான்" என்றான் முத்திருளன். "முழு வேகத்துல விடுங்க பாய். அலை மேலயே பறந்து போயிரலாம். பத்து நிமிசத்துல அக்கரை."

"பறந்தா விழுகணும்ல தம்பி?" என்றார் ஜலால். அதோடு அவனை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். காலிச் சாக்குகள் இரண்டில் கரைச் சேற்றை அள்ளிப் போட வைத்து, அவற்றைப் படகின் முன்முனையில் கிடத்தினார். கதவைப் பின்னால் நகர்த்தச் சொன்னார்; தன் கால்கள் காளையின் பாதத்தைத் தொடும் அளவுக்கு. "முன்னாலதான் தூக்கித் தூக்கிப் போடும். நடுவுக்குக் கொஞ்சம் பின்னால ஆட்டம் கம்மி. இவரு இங்கதான் கெடக்கணும்."

பிறகு அவர் முத்துத்தாயைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்க அங்க முன்னால போயி சாக்கு மேல உக்காரணும்."

அவளுக்குப் புரியவில்லை. "இவருகிட்ட நான் இருக்க வேணாமா?"

"பாரத்துக்கும் ஆள் வேணும். கண்ணுக்கும் ஆள் வேணும். நான் உக்காந்திருக்கிற எடத்துல மோட்டார் புகையும் தண்ணிச் சாரலும் மூஞ்சில அடிக்குது. அலையோட அடிவாரம் எனக்குத் தெரியல. நீங்க பாத்துச் சொன்னீகன்னா அதுக்குத் தக்கன மோட்டாரக் கூட்டுவேன், குறைப்பேன். சின்னதுன்னா சும்மா இருங்க. பெரிசு வந்தா, 'பெரிசு'ன்னு ஒரு சத்தம். அம்புட்டுதான்."

"முத்திருளன் போகட்டும்."

"அவரு கதவ அமுக்கிப் பிடிக்கணும். அதுக்குப் பலம் வேணும்."

முத்துத்தாய் புருஷனைக் குனிந்து பார்த்தாள். கண்ணை மூடியிருந்தான். நெற்றிக் கட்டுக்குக் கீழே வியர்வை ஓடியது. "போறேன்" என்று அவன் காதில் சொன்னாள். அவன் இமை அசைந்தது. அவள் கைகளை ஊன்றித் தவழ்ந்து முன்னால் போய், சேற்றுச் சாக்கின் மேல் உட்கார்ந்து, இரண்டு பக்கச் சட்டத்தையும் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு மட்டும்" என்று பின்னாலிருந்து ஜலால் சொன்னார். "திரும்பிப் பாக்காதீங்க. நீங்க திரும்புற நேரத்துலதான் பெரிசு வரும்."

மறுபடியும் மரங்களைத் தாண்டினார்கள். இந்த முறை மோட்டார் சத்தம் தணிந்து, மாவு அரைக்கிற திருகை மாதிரி ஓடியது. படகும் கிழக்கே போகவில்லை. வடகிழக்காக, கண்மாயின் வடபுறம் இருந்த பனங்காட்டைப் பார்த்துச் சாய்ந்து போனது.

"கரை அங்கிட்டு இருக்கு பாய். நீங்க எங்க போறீக?" என்ற முத்திருளனின் குரல் பின்னால் கேட்டது.

"நேராப் போனா அலை மூஞ்சில அறையும். சாச்சுப் போனா அதோட தோள்ல ஏறி எறங்கலாம். கொஞ்ச தூரம் இப்படி, பொறவு அப்படி. தூரம் கூடத்தான்."

"நேரமும் கூடத்தான்."

"ஆமா" என்றார் ஜலால்.

முத்துத்தாய்க்கு முன்னால் தண்ணீரும் காற்றும் மட்டுமே இருந்தன. ஆரம்பத்தில் எல்லா அலையும் பெரிசாகத் தெரிந்தது. "பெரிசு" என்று அவள் கத்தக் கத்த மோட்டார் தணிந்து தணிந்து, படகு நகராமல் நின்றது. "அம்புட்டும் பெரிசில்ல தங்கச்சி. நெதானமாப் பாருங்க" என்றார் ஜலால். அவள் பார்த்தாள். வெள்ளையாக உச்சி நுரைத்து வந்ததெல்லாம் பயங்காட்டியதே தவிர, படகின் அடியில் வந்தபோது வலுவில்லாமல் போனது. நுரை இல்லாமல், மேலே கறுத்து, அடி உள்வாங்கி வந்ததுதான் தூக்கியது. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஏழெட்டு அலை ஆயிற்று.

"பெரிசு."

மோட்டார் சற்றே உறுமியது. படகு வலது தோளைக் கொடுத்து அலையில் ஏறியது. உச்சிக்கு வந்ததும் சத்தம் சட்டென்று அடங்க, படகு விழாமல் அந்தப் பக்கம் சறுக்கி இறங்கியது. தண்ணீர் அவள் மார்பு வரை அடித்து நனைத்தது. ஆனால் அந்த அறையும் சத்தம் இல்லை.

"பேசுறாரா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"முழிச்சிருக்கான் மதினி" என்றான் முத்திருளன்.

இன்னும் பத்து அலை போனது. சேலை உடம்போடு ஒட்டிக் குளிரில் பல் தந்தியடித்தது. கண்ணில் விழுந்த தண்ணீரைத் துடைக்கக் கையை எடுக்கவும் பயமாக இருந்தது. சத்தமில்லாமல் ஒன்று வந்துவிட்டால்? தன் வாயிலிருந்து ஒரு சொல் பிந்திவிட்டால்? வீட்டில் நாலு வயது மகளைப் பக்கத்து வீட்டு இருளாயியிடம் விட்டுவந்த நினைப்பு ஒரு கணம் வந்தது; அதையும் தள்ளிவிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள்.

"பேசுறாரா?"

"இருக்கான் மதினி."

பனங்காடு கிட்டத்தில் வந்தது. அதற்கு முன்னால் தண்ணீரில் முங்கிய கருவேல மரங்களின் தலை அங்கங்கே தெரிந்தது. அதற்கு மேல் அந்தப் பக்கம் போனால் அடிமரத்தில் முட்டும்.

"இப்பத் திருப்பணும்" என்றார் ஜலால். "திரும்புறப்ப கொஞ்ச நேரம் அலைக்கு நேரா நிப்போம். அந்த நேரத்துல பெரிசு வரப்படாது. எப்பத் திருப்பன்னு நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"இம்புட்டு நேரமாப் பாத்துக்கிட்டு இருக்கீகள்ல. பெரிசு மூணு நாலு சேந்தாப்ல வரும். பொறவு கொஞ்சம் ஓயும். அந்த ஓயுற எடத்தப் பாத்துச் சொல்லுங்க."

அவள் பார்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது அலை படகைத் தூக்கி இறக்கியது. அதற்குப் பின்னால் தண்ணீர் தணிவாகத்தான் தெரிந்தது. வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. நாலாவது ஒன்று மறைந்து வருகிறதோ என்று தயங்கினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஓய்வு கழிந்துவிட்டது; மறுபடி கறுத்த முதுகுகள் எழும்பின.

படகுக்கு அடியில் ஏதோ உரசிற்று. மரக்கிளையாக இருக்க வேண்டும்.

"பேசுறாரா?" என்று கேட்டாள்.

பதில் இல்லை.

"முத்திருளா, பேசுறாரா?"

மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கழுத்து தானாகத் திரும்பப் போனது. "பாக்காதீங்க" என்றார் ஜலால். சத்தமில்லாமல், கெஞ்சுகிற மாதிரி சொன்னார். முத்துத்தாய் சட்டத்தைப் பிடித்த கைகளில் நகம் பதிய, முகத்தை முன்னாலேயே வைத்துக்கொண்டாள். செத்துவிட்டான் என்று ஒரு எண்ணம் வந்தது. செத்திருந்தால் இனிக் குலுங்கினால் என்ன, குலுங்காவிட்டால் என்ன என்று அடுத்த எண்ணம் வந்தது. அப்படியும் அவள் கண் அலையை எண்ணிக்கொண்டுதான் இருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. அதற்குப் பின்னால் தண்ணீர் சுருங்கிச் சுருங்கி, வெயிலில் காயப்போட்ட பாய் மாதிரி கிடந்தது.

"இப்ப" என்றாள்.

மோட்டார் முழு மூச்சில் அலறியது. படகு ஒரே வட்டத்தில் கிழக்கைத் தாண்டித் தென்கிழக்கே திரும்பியது. திரும்பி முடியும் சமயத்தில் இடது பக்கத்திலிருந்து, அவள் பார்த்திராத ஒரு ஒற்றை அலை ஓரத்தில் மோதியது. படகு ஒரு குலுக்கு குலுங்கி நின்றது.

பின்னால் காளை முனகினான். நீளமாக, வலியில் முனகினான். அந்தச் சத்தத்தைக் கேட்டு முத்துத்தாய் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே "பெரிசு" என்றாள்.

அதற்குப் பிறகு அலை கொஞ்சங் கொஞ்சமாகச் சிறுத்தது. எதிர்க்கரை உயரமான கரை. காற்றைத் தடுத்து நின்றது. கரை மேல் நின்ற ஆட்களின் முகம் தெரிகிற தூரத்தில் மோட்டார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. ஜலால் கயிற்றைத் தொடக்கூட இல்லை. "தீந்துபோச்சு" என்று மட்டும் சொன்னார். முத்திருளன் படகிலிருந்த கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் குதித்தான். நெஞ்சளவு தண்ணீரில் நடந்து, ஒரு பசுவைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி படகை இழுத்துக் கரை சேர்த்தான்.

அரிசி ஏற்றிவந்த, கரியில் ஓடும் லாரி அங்கே நின்றது. வைக்கோலையும் கதவையும் அப்படியே தூக்கி லாரிக்கு மாற்றினார்கள். ஜலால் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பள்ளத்துக்குப் பள்ளம் "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது பொழுது இன்னும் சாயவில்லை.

டாக்டர் முதலில் குழாய் விட்டார். பிறகு காலைப் பார்த்தார். ஊசியால் குத்தினார், விரலை அசைக்கச் சொன்னார். வெளியே வந்து முத்துத்தாயிடம் சொன்னார்: "உயிருக்குப் பயம் இல்லம்மா. வலது கால்ல உணர்ச்சி நல்லா இருக்கு. இடது கால்ல உணர்ச்சி மங்கலா இருக்கு, அசைவு இல்ல. பத்து பதினஞ்சு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்."

அவர் போனதும் முத்துத்தாய் சுவரில் சாய்ந்தாள். "காலையில ரெண்டும் அசைஞ்சுதே."

முத்திருளன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ஒத்த அலைதான்" என்றாள் அவள். "திரும்புறப்ப வந்துச்சே. அத நான் பாக்கல. நான்தான் பாக்கல."

"அது இல்ல மதினி" என்றான் அவன். "கருவேல மரத்துக்கிட்ட நின்னு சாக்குல சேறு அள்ளுனோம்ல, அப்பவே இடது கட்டவெரலக் கிள்ளிப் பாத்தேன். அசையல. உனக்குச் சொல்லல. பாதித் தூரத்துல மறுபடி பாத்தேன், அப்பவும் அசையல. அந்நேரந்தான் அண்ணன் மயங்கிட்டான். நீ கேக்குறப்ப எனக்குப் பேச்சு வரல."

அப்படியானால் முதலில் விழுந்த மூன்று அடிதான். மூவருக்கும் அது ஒரே சமயத்தில் புரிந்தது. வராந்தாத் தூணோரம் ஈரத் துணியோடு நின்ற ஜலால் இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"மூக்குல பாரம் இல்லாம எடுத்தது நான். அது என்னோட தப்பு தங்கச்சி. அங்கயே சொன்னேன், இங்கயும் சொல்றேன்."

முத்திருளன் நிமிர்ந்து பார்த்தான். அடிக்கப் போகிறான் என்றுதான் முத்துத்தாய் நினைத்தாள். அவன் அடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் வாசல் படியில் உட்கார்ந்தான்.

முத்துத்தாய்க்குக் கோபம் வந்தது. வரவில்லை என்று பின்னால் யாரிடமும் அவள் பொய் சொன்னதில்லை. இந்த ஆள் ஒரே ஒரு நிமிஷம் முன்கூட்டி யோசித்திருந்தால் என்று நினைத்தாள். ஆனால் ஏற்ற மாட்டேன் என்று சொன்னவரை ஏற்ற வைத்ததும் தாங்கள்தான். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"வீட்டுல தேடுவாக. போங்கண்ணே" என்றாள் கடைசியில்.

அவர் போனார். ஒருநாள் விட்டு ஒருநாள் வேலை முடிந்து சைக்கிளில் வந்து, வார்டு வாசலிலேயே நின்று விசாரித்துவிட்டுப் போனார். அவர் பெண்சாதி ஜெயினம்பு இரண்டு தடவை கஞ்சி கொடுத்தனுப்பினாள். முத்திருளன் அவரைக் கண்டால் எழுந்து போய்விடுவான்.

காளை மாவுக்கட்டில் மல்லாந்து கிடந்தான். ஒவ்வொரு நாள் விடியலிலும் முத்துத்தாய் அவன் இடது கட்டைவிரலைக் கிள்ளுவாள். "தெரியுது. ஆனா எங்கயோ தூரத்துல யாரோ கிள்ளுறாப்ல இருக்கு" என்பான். அசைக்கச் சொல்வாள். அவன் முகமெல்லாம் சிவந்து நரம்பு புடைக்கும். விரல் கிடந்தபடி கிடக்கும். ஒன்பது நாள் அப்படிப் போனது. பத்தாம் நாள் அவள் கிள்ளவே பயந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் விரல் அசைந்தது. தான்தான் அசைத்துவிட்டோமோ என்று கையை எடுத்துவிட்டு, "இன்னொருக்க" என்றாள். அசைந்தது. போர்வையை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு திறந்து, "இன்னொருக்க" என்றாள். மூன்றாவது தடவையும் அசைந்த பிறகுதான் நர்ஸைக் கூப்பிட்டாள்.

அந்தக் கால் முழுசாகத் திரும்பவில்லை. மாசி மாதம் காளை ஊர் வந்தபோது கம்பு ஊன்றி நடந்தான். பிறகு கம்பு போயிற்று, இடது பாதத்தை இழுத்து வைக்கிற நடை மட்டும் நின்றுவிட்டது. மூட்டை தூக்க முடியாது. அடுத்த ஆடியில் ஏர் பிடித்தான்.

ஆனால் பன்னிரண்டாம் நாள் காலையில் அதெல்லாம் யாருக்கும் தெரியாது. நர்ஸ் வந்து பார்த்துத் தலையசைத்ததும், முத்துத்தாய் முத்திருளனைக் கட்டிலுக்குக் காவல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். மதுரைத் தெருக்களில் தனியாக நடந்து பழக்கமில்லாதவள், நாலைந்து பேரிடம் கேட்டுக் கேட்டு முனிச்சாலைக்குப் போய்ச் சேர்ந்தாள். ஜலால் ஒரு பஸ்ஸின் அடியில் படுத்திருந்தார். கூப்பிட்டதும் கையெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தவர், அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

"அசைஞ்சிருச்சுண்ணே" என்றாள் முத்துத்தாய்.

அவர் பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்தார். கை அழுக்கை மறந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முத்துத்தாய் அவர் எழுந்திருக்கும் வரை அங்கேயே நின்றாள்.